நாலு மணி பஸ்ஸில் வராதவள்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவியின் வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரே, கேட்கிறீர்களா, இல்லை மகள் வீட்டு மொட்டைமாடியில் இன்னும் நீங்கள்தான் துணி காயப்போடுகிறீர்களா? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்கிறீர்கள். பிறகு நான் என்ன சொன்னேன் என்று மகளிடம் கேட்கிறீர்கள். உங்கள் காதுக்குக் கேட்கும்படி கத்தினால், இங்கே உங்கள் தம்பி பயந்துபோய் "யாரோட சண்டை?" என்று எழுந்து வந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் விஷயம்தான். போன வருஷம் டாக்டர் மறதி நோய் என்று சொன்னபோது, சாவியை மறப்பார், சாப்பிட்டதை மறப்பார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். இப்போது ஆளே மாறிக்கொண்டு வருகிறார். பல் செட்டை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்துவிட்டு நான் திருடிவிட்டேன் என்கிறார். குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குகிறார். நாற்பத்தாறு வருஷமாக என்னை "ஏய், இந்தா" என்று கூப்பிட்டவர், இப்போது "நீங்க, வாங்க" என்கிறார். மரியாதை வந்துவிட்டதே என்று சந்தோஷப்படவா? அடுத்த வீட்டு அம்மாளிடம் பேசுகிற மாதிரி பேசுகிறார்.

இதெல்லாம் நோய் என்று பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மத்தியானம் மூன்று மணி ஆனால் சலவைச் சட்டை கேட்கிறார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிறார், இருக்கிற பதினாறு முடியையும். நாலு மணிக்குத் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொள்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "சோடாபுட்டி வருவா" என்றார்.

அண்ணி, நம்மில் எவளையாவது தடிக்கண்ணாடியைப் பார்த்துச் சோடாபுட்டி என்று கூப்பிட்டால் செருப்பு பறக்கும். இவர் வாயில் அது வெல்லம் மாதிரி வருகிறது. முப்பத்துமூன்று வருஷம் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதிய மனுஷன். எனக்காக ஒரு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்ததுண்டா? இவளுக்காக மூன்று ஐம்பதுக்கே போய் நிற்கிறார்.

அவரை வளர்த்தவர் நீங்கள். யார் அந்தச் சோடாபுட்டி?

கண் மருந்தை மறக்காமல் விடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 21

அன்பான என் தம்பி மனைவிக்கு,

அண்ணி ஆசீர்வாதத்தோடு எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. உன் எழுத்தைப் பார்த்தாலே ஒரு நிமிர்வு வருகிறது, அவ்வளவு வரிசை. முழங்கால் அப்படியேதான். துணி நான் காயப்போடவில்லை, எடுத்துவைக்க மட்டும் போகிறேன். மருந்து விடுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் நலம். மாப்பிள்ளைக்கு வேலையில் இடம் மாறியிருக்கிறது, காலை ஏழு மணிக்கே கிளம்புகிறார், நானும் கூடவே எழுந்துவிடுகிறேன், பிறகு நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது.

தம்பியைப் பற்றி எழுதியிருந்தாய். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வயசானவர்கள் வாயில் என்னென்னவோ வரும், அதையெல்லாம் நீ காதில் போட்டுக்கொள்ளாதே. சட்டையை ஒளித்து வை. மூன்று மணிக்கு முன்னாலேயே கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடு. நாலு நாள் போனால் மறந்துவிடுவான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்னபடி சட்டையை ஒளித்தேன், கதவைத் தாழிட்டேன். நாலு மணிக்குக் கதவை இடிக்க ஆரம்பித்தார். கைமுட்டி வீங்கும்வரை இடித்தார். நான் கையைப் பிடித்தேன், என் மணிக்கட்டில் கடித்துவிட்டார். பல் செட் போட்டிருந்த நாளாகப் பார்த்துக் கடித்தார், அதுதான் என் ஜாதக விசேஷம்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கையைக் காட்டினேன். மருந்து போட்டுக்கொண்டே திட்டினாள். "பூட்டி வெச்சா ஜெயில்ல இருக்கற மாதிரிதான் அவருக்குத் தோணும். எதுத்துப் பேசாதீங்க. 'யாரு அவ'ன்னு கேள்வி மேல கேள்வி கேக்காதீங்க. ஒரு வேலையத் திருப்பித் திருப்பிச் செய்யறாங்கன்னா உள்ளுக்குள்ள ஏதோ ஒரு தேவை இருக்கும்மா. அது என்னன்னு பாருங்க. கூடவே போங்க. சட்டைப் பையில முகவரி எழுதி வையுங்க" என்றாள்.

கூடவே போங்களாம். புருஷன் வேறொருத்திக்காகக் காத்திருக்கப் போகிறார், நான் துணைக்குப் போக வேண்டுமாம். அந்த நர்ஸுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

போகிறேன். வேறு வழியில்லை. பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். நேற்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடமே "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். சரியாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்டவள் நானாயிற்றே.

அண்ணி, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு இடம் மாறியது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 3

அன்பான என் தம்பி மனைவிக்கு,

ஆசீர்வாதம். எனக்கு இருமல். அதனால்தான் எழுதத் தாமதம். கடித்த இடம் ஆறிவிட்டதா?

நீ இதையே தோண்டிக்கொண்டிருக்காதே. அந்தக் காலத்தில் பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ பெண்கள் நிற்பார்கள். அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணும் நின்றிருப்பாள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. உன்னைக் கட்டினபிறகு அவன் யாரையாவது ஏறெடுத்துப் பார்த்தானா? நீயே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாயே.

அவன் கேட்கும்போது "நாளைக்கு வருவா" என்று சொல்லிப் பார். அடங்கிவிடுவான்.

உன் அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "இன்னைக்கு வரமாட்டா போலிருக்கு. நாளைக்கு வருவா" என்றேன், நல்லபடியாகத்தான் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அடித்தார். "நீங்களும் அதையேதான் சொல்றீங்களா? அக்காவும் தினம் அதையேதான் சொல்றா. நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு!" என்று கத்தினார். நான் பிடிப்பதற்குள் ரோட்டில் இறங்கி, வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு நேராகக் கையைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். டிரைவர் பிரேக் போட்டதில் உள்ளே நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இவர் ஜன்னல் ஜன்னலாகப் போய் உள்ளே எட்டிப் பார்க்கிறார். கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போகிறார். நான் நடுரோட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகனுக்குச் செய்தி போய்விட்டது. அன்றைக்கே வந்தான். "அம்மா, இன்னொரு தடவை ரோட்டுல இறங்கினார்னா நான் ஒத்துக்கமாட்டேன். ஒரு இல்லம் பாத்து வெச்சிருக்கேன். ஜூலை மாசம் அங்க ஒரு படுக்கை காலியாகுது. நல்ல இடம்தான், நீ வாரா வாரம் போய்ப் பாக்கலாம்" என்கிறான். வாரா வாரம் போய்ப் பார்க்க அவர் என்ன நூலகப் புத்தகமா? இந்த வீட்டைவிட்டு அவரை நான் அனுப்பமாட்டேன். என்னை யாரென்று தெரியாவிட்டாலும், தெரியாதவராக என் கண்ணெதிரில் இருக்கட்டும்.

இனி உங்களிடம் கேட்பது. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள் என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லையே. எனக்கே தெரியாதே. உங்களுக்கு எப்படித் தெரியும்? "அக்காவும் தினம் அதையேதான் சொல்றா" என்றால் என்ன?

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

ஒரு மாதம் ஆகப்போகிறது. உங்கள் மகளிடம் போனில் விசாரித்தேன், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், கடிதமும் வந்தது என்றாள். சந்தோஷம்.

நீங்கள் சொல்லாததால் அவரிடமே கேட்டுக்கொண்டேன். நர்ஸம்மா சொன்னபடி, சண்டை போடாமல், கதை கேட்கிற மாதிரி. "எப்படி இருப்பா அவ?" என்றேன். சொன்னார், அண்ணி. எத்தனை அழகாகச் சொன்னார்! மூன்றரைக்கு ஷிப்ட் முடியுமாம். நாலு மணிக்குப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் வருவாளாம். சிரித்தால் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்குமாம், விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மறுபடி சிரிப்பாளாம். அவர் பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று சொன்னால், "நீங்க எனக்காக நிக்கறீங்களா, பஸ்ஸுக்காக நிக்கறீங்களா?" என்பாளாம். காலையில் சாப்பிட்டது நினைவில்லாத மனுஷனுக்கு இது அத்தனையும் நினைவிருக்கிறது. காது அடியில் மச்சம் எங்கே இருக்கிறது என்பதுவரைக்கும்.

எனக்கும் மச்சம் இருக்கிறது. எங்கே என்று கேட்கலாமா என்று நினைத்தேன். தெரியவில்லை என்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். படிக்கிற கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்து, விரலால் தள்ளிச் சிரித்துப் பார்த்தேன். அறுபத்தேழு வயசில் இந்தக் கூத்து. அப்புறம் எனக்கே என்மேல் அத்தனை ஆத்திரம் வந்தது, கண்ணாடியை மேஜையில் வைத்த வேகத்தில் ஒரு கால் உடைந்துவிட்டது. கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நாற்பத்தாறு வருஷம் இவரைத் தனியாக எனக்கே எனக்கு என்று வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அவள் உள்ளேயே இருந்திருக்கிறாள்.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நேரில் வந்து உங்கள் காதில் கத்துவேன்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 22

என் தம்பி மனைவிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தொன்று. என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். சின்னக் குழந்தையோடு தம்பி வீட்டில் இருந்தேன். அவன் சம்பளம்தான் எங்களுக்குச் சாப்பாடு. அவன் வேலை விட்டு வந்ததும் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்குத்தான் வருவான். அந்தப் பெண் வந்தபிறகு நேராக வராமல், சிரித்துக்கொண்டு வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்பான். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவள் சம்பாதிக்கிறவள், நாளைக்கு என்னையும் குழந்தையையும் வைத்துக்கொள்வாளா என்று. பயமும்தான். ஆனால் வயிற்றெரிச்சல்தான் அதிகம். இதை இன்றைக்குத்தான் யாரிடமாவது சொல்கிறேன்.

ஒரு நாள் அவன் டிப்போவில் இருக்கும்போது அவளே வீட்டுக்கு வந்தாள், என்னிடம் கேட்டுப் பேசி முடிக்க. அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்தாகிவிட்டது என்று நான் சொன்னேன். அவனே ஒப்புக்கொண்டான், உன்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறான் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "வேற ஊருக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கறேன். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். அவரைத் தினம் நாலு மணிக்கு வந்து நிக்க வேணாம்னு சொல்லுங்க. மழையில நனையறாரு. எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எக்ஸ்சேஞ்சுக்கே தேடிக்கொண்டு போய்விடுவானே. அதனால் "தெருவில பாத்தேன், நாளைக்கு வருவேன்னு சொன்னா" என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அவள் ஊரைவிட்டுப் போகிறவரைக்கும், பதினொரு நாள். அவள் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். அவன் மழையில் நின்றான். பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் விழுந்தான். நான்தான் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டேன், என்ன நல்ல அக்கா என்று எல்லாரும் சொன்னார்கள். அப்புறம் அவளைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த வருஷம் உன்னைப் பார்த்தோம்.

அவள் இருக்கிறாளா, இல்லையா, எனக்குத் தெரியாது.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

அண்ணி


ஏப்ரல் 29

கடிதம் கிடைத்தது.

அப்படியானால் நீங்கள் அவளைத் துரத்திவிட்ட இடத்தில் உட்காரத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்தபோது என் தலையைத் தடவி "எங்க வீட்டுக்கு ஏத்த பொண்ணு" என்று சொன்னீர்களே. அந்தக் கையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எனக்கு இனி எழுத வேண்டாம்.


மே 20

என் தம்பி மனைவிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு வரிதான். அவன் ரோட்டில் இறங்கவில்லையே? உன் கண்ணாடிக்குப் புதுக் கால் போட்டுவிட்டாயா?

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

என் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலை இருக்கிறது, எழுதுகிறேன்.

போன வாரம் மறுபடி ரோட்டில் ஒரு காலை வைத்துவிட்டார். பழம் விற்கிறவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். மகன் காதுக்குப் போகவிடாமல் தெருவில் எல்லாரிடமும் கெஞ்சி வைத்திருக்கிறேன். யாரிடமும் எதற்கும் கெஞ்சாத நான். ஜூலை ஒன்றாம் தேதி அந்த இல்லத்துக்கு முன்பணம் கட்டப்போகிறான். அதற்குள் இவர் அடங்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். நர்ஸம்மா சொன்னாளே, உள்ளுக்குள் ஒரு தேவை என்று. அவர் தேவை அவள் இல்லை, அண்ணி. அவள் சொல்லிவிட்டுப் போன சேதி. அது இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை. அதனால்தான் நிற்கிறார்.

சரி, நானே சொல்லிவிடலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். "அவ வரமாட்டா. உங்கள நிக்க வேணாம்னு சொன்னா. கோவம் இல்லையாம்" என்றேன். இதைச் சொல்ல என் வாய் என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். அவர் கையை நீட்டுகிறார். "சீட்டு எங்க?" என்கிறார். "வாய்ல சொன்னா ஆச்சா? எழுத்துல இருந்தாத்தான் ஏத்துப்பேன்." டிப்போ வழக்கம். பஸ் ரிப்பேர் என்று டிரைவர் தொண்டை கிழியக் கத்தினாலும், எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் இவர் புத்தகத்தில் ஏற்றமாட்டாரே.

மறுநாள் நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது மளிகை லிஸ்ட் எழுதற கையெழுத்து" என்றார். என்னைத் தெரியவில்லை, என் கையெழுத்து தெரிகிறது. அழுவதா, சிரிப்பதா?

ஆகவே நீங்கள் எழுதுங்கள். அன்றைக்கு நீங்கள் கொடுக்காமல் வைத்துக்கொண்ட சேதி, நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்கள் கையெழுத்து இப்போது நடுங்குகிறதே, அவருக்கு அடையாளம் தெரியாது.

அவள் என்ன சொன்னாளோ அது மட்டும். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். "அன்புள்ள" எல்லாம் போட வேண்டாம். கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். "என்றும் உங்கள்" என்று ஏதாவது போட்டீர்களோ, அந்த இடத்தைக் கத்திரியால் வெட்டிவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பேன்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 17

என் தம்பி மனைவிக்கு,

நீ கேட்டது இதோடு இருக்கிறது. கை நடுங்கியதால் அல்ல, வேறு காரணத்தால் மூன்று தாள் வீணாயிற்று. மகள் என்னம்மா எழுதுகிறாய் என்று கேட்டாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

சீட்டில் எழுதியிருப்பது இதுதான்: "நான் மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறேன். நாலு மணிக்கு வந்து நிற்க வேண்டாம். மழையில் நனைய வேண்டாம். எனக்குக் கோபம் இல்லை." கீழே அவள் பெயர். அந்தப் பெயரை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எழுதினேன்.

உன் அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்காலும் கண்ணும் எப்படி இருக்கின்றன? மகள் பேச ஆரம்பித்தாளா? பேசுவாள், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

சீட்டு வந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனேன். நாலு மணி ஆயிற்று, பதினேழாம் நம்பரும் வந்து போயிற்று. அவர் எழுந்திருக்கப் போகிற சமயத்தில் நீட்டினேன். வாங்கினார். முதலில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "நேரம் போடலையே" என்றார். இந்த ஒன்றால் எல்லாம் கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தேன். அவரே பையிலிருந்து பென்சிலை எடுத்து, மூலையில் 4.10 என்று எழுதிக்கொண்டார். அப்புறம்தான் படித்தார். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக.

சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "கோவம் இல்லையாமா?" என்றார்.

"இல்லையாம்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா அவளை?"

"பாத்தேன்."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. கொஞ்சம் குண்டாயிட்டா" என்றேன். அந்த அளவுக்காவது எனக்கு உரிமை இல்லையா, அண்ணி?

சிரித்தார். சட்டைப் பையில் சீட்டை வைத்துக்கொண்டு, "லேட் ஆயிடுச்சு, போலாமா?" என்று எழுந்தார். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு என்னிடம் சண்டை போடாமல் குளித்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி சலவைச் சட்டை. எல்லாம் முதலிலிருந்து. சீட்டை அவர் தூங்கும்போது எடுத்து, 4.10-ஐ ரப்பர் வைத்துத் தேய்த்து, மறுநாள் புதிதாகக் கொடுக்கிறேன். தினமும் ஒரு முறை அவள் அவருக்குச் சொல்லி அனுப்புகிறாள், தினமும் நான்தான் தபால்காரி. முதல் நாலைந்து நாள் கொடுக்கும்போது கை எரிந்தது. இப்போதும் எரிகிறது, பொய் சொல்லமாட்டேன். அவர் அதைப் படிக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மகன் ஒன்றாம் தேதி வந்தான். கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். வீட்டுக்கு வந்து, "இப்போதைக்கு முன்பணம் கட்டல" என்று மட்டும் சொன்னான். இப்போதைக்கு. அது போதும் எனக்கு.

நேற்று ஒன்று நடந்தது. சீட்டைப் படித்துவிட்டு, வழக்கம்போல் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி சொன்னார்.

"வீட்ல எனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்காங்க."

"அப்படியா?" என்றேன்.

"போட்டோ காட்டினாங்க. மொறைச்சுப் பாக்கறா. போட்டோக்காரன்மேல என்ன கோவமோ." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா அதையே ரெண்டு மூணு தடவ எடுத்துப் பாத்தேன். இவ மனசுல எதையும் ஒளிச்சு வெச்சுக்கமாட்டா போலிருக்கு, நேராச் சொல்லிருவா. எனக்கு அது வேணும்னு தோணுது." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் இப்படி ஒருத்திக்காக நின்னவன்னு தெரிஞ்சா அவ ஏத்துப்பாளா? நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க."

எதிரில் பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பதிலுக்காக.

நான் பதில் சொன்னேன், அண்ணி. என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். யாருக்கும் சொல்லமாட்டேன். அது அவர் என்னிடம் கேட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி